என் செட்டு பேசாது

“இது நம்ம மண்ணுடா! இங்க ஒண்ட வந்த கூட்டம்…”

உள் அறையிலிருந்து அந்தக் குரல் கரகரவென்று கேட்டது. உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ராஜாம்பாளின் கை முறத்தோடு நின்றது. அதற்கடுத்து வந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கூசுகிறது. ஒரு சாதியைப் பெயர் சொல்லித் திட்டி, அந்தச் சாதிப் பெண்களையும் இழுத்து, ‘உங்க தெருவுக்கே வந்துட்டோம், ஆம்பள இருந்தா வெளிய வா’ என்று முடிந்தது பேச்சு. டப்பென்று கேசட் நின்றது.

எழுந்து உள்ளே போனாள். ஆம்ப்ளிபையர் எதிரே மைக் செட் வேலையாள் பச்சமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே போகிற எந்தக் கேசட்டையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது அவன் பழக்கம். இது ராஜாம்பாளின் அண்ணன் அரங்கநாதன் காலையில் கொண்டுவந்து கொடுத்தது. நாளைய ஊர்வலத்தில் போட வேண்டிய கேசட்.

“எத்தினி நேரமா இத கேட்டுக்கினு இருக்க, முத்து?”

“ரெண்டு வாட்டிக்கா. மொத வாட்டி என் காத நானே நம்பல.” அவன் நிமிரவில்லை. “ஊர்வலம் கருணாபுரத்துக்குள்ள வருதாம். வண்டியில நாந்தான குந்தணும்? எங்க தெருவுல, எங்க அம்மா வாசல்ல நிக்கறப்ப, நானே இத போடணும். இல்ல?”

அவள் கேசட்டை வெளியே எடுத்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ராஜாம்பாளுக்கும் அந்தக் கோரிக்கையில் பங்கு உண்டு. மகள் செந்தமிழ்ச்செல்வி நல்ல மதிப்பெண் வாங்கியும் ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைக்காமல் மூன்று நாள் சோறு தின்னாமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் அல்லவா! அதனால்தான் மைக் அனுமதிக்கான போலீஸ் மனுவில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை, சின்னதுரை சவுண்ட் சர்வீஸ், உரிமையாளர் ராஜாம்பாள் என்றுதான் அதில் இருந்தது.

சின்னதுரை அவள் புருஷன். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டும்போது விழுந்து போய்ச் சேர்ந்தவன். பொம்பளைக்கு எதற்கு மைக் செட் என்று உறவெல்லாம் சிரித்தது. அவள் ஒயர் சுற்றக் கற்றாள், பியூஸ் போடக் கற்றாள். மரம் ஏறப் பச்சமுத்து வந்து சேர்ந்தான். பதினொரு வருஷம் ஓடிவிட்டது. காது குத்து, கருமாதி, எல்லாக் கட்சிக் கூட்டமும் அவள் செட்டில்தான். யார் என்ன பேசுகிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றுதான் கேட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அரங்கநாதன் வந்தார்.

“ராஜாம்பா, வண்டி வந்துகினு இருக்குது. செட்ட எடுத்து வெய்யி.”

“செட்டு வரும்ணா. கேசட்டு வராது.”

“இன்னா சொல்ற?”

“தாலுகா ஆபீசுக்குன்னுதான பர்மிட் வாங்கனோம்? நடுவுல கருணாபுரம் எப்டி வந்துது?”

“பசங்க ஆசப்படறானுங்க. ஒரு சுத்து, அவ்ளோதான். வாய்ப் பேச்சுதான, கத்தியா எடுத்துக்கினு போறோம்? பேசக்கூட உரிம இல்லியா இந்த நாட்டுல?”

“இருக்குது. எட ஒதுக்கீடு கேளுங்க. தொண்ட கிழிய கேளுங்க. நானே வண்டியில குந்திக்கினு சவுண்டு ஏத்தறேன். ஆனா அடுத்தவன் வூட்டு வாசல்ல நின்னு அவன் பொண்டாட்டி புள்ளைய பேசறதுக்கு என் செட்டு பேசாது.”

அரங்கநாதனின் பார்வை பச்சமுத்து மேல் பாய்ந்தது. “இவன் சொல்லிக் குடுத்தானா?”

“அவன் வாயே தொறக்கல. நீ குடுத்த கேசட்டுதான் எல்லாம் சொல்லிச்சு.”

“உளுந்தூர்பேட்டைக்குப் போனா ஆயிரம் செட்டு கெடைக்கும்டி!”

“போய் எடுத்துக்க. பர்மிட்டு என் பேர்ல இருக்குது. வேற செட்டு வெச்சா ஸ்டேஷனுக்குப் போய் நானே சொல்லுவேன்.”

அண்ணன் முகம் கறுத்தது. ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்த ஈட்டியை எறிந்தே விட்டார்.

“தை மாசம் எம்புள்ளைக்கும் உம்பொண்ணுக்கும் பத்திரிக அடிக்கணுமா, வேணாமா? இப்பவே சொல்லிடு.”

சமையலறை வாசலில் டீ டம்ளரோடு செந்தமிழ்ச்செல்வி நின்றிருந்தாள். மாமன் மகன் அன்புச்செல்வனுக்குத்தான் அவள் என்று ஊரே அறியும். அவன் வாங்கித் தந்த கண்ணாடி வளையல்தான் இப்போதும் கையில். ராஜாம்பாள் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணில் நீர் முட்டி நின்றதே தவிர, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஓர் அசைவும் இல்லை.

ராஜாம்பாள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“எம்பொண்ண வெச்சி என்ன வளைக்கப் பாக்காதண்ணா,” என்றாள். குரல் உடைந்தது, ஆனால் வார்த்தை உடையவில்லை. “நாளைக்கி இவ உன் வூட்டுக்கு வந்தப்புறம், இப்டித்தான் ஒன்னொன்னுக்கும் மெரட்டுவ. பத்திரிக அடிக்க வேணாம்.”

“நல்லா யோசிச்சிதான் பேசறியா?”

“யோசிச்சிட்டேன். காலைல மொத வேலையா பர்மிட்ட ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்துடறேன். கோரிக்க மட்டும் பேசறதுன்னா, விடியறதுக்குள்ள ஆள் அனுப்பு. நான் வரேன்.”

“உன் செட்டும் வேணாம், உன் ஒறவும் வேணாம்!”

ராஜாம்பாளின் கையிலிருந்த கேசட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அரங்கநாதன் வாசலுக்கு நடந்தார். படியில் நின்று திரும்பி, மருமகளாக வர இருந்தவளைப் பார்த்தார். அவளாவது ‘மாமா, இருங்க’ என்று கூப்பிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

செந்தமிழ்ச்செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

“பாத்துப் போங்க மாமா,” என்றாள்.

அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.