மீன் தண்ணீர் குடித்த செண்டுமல்லி

அதெல்லாம் இல்லை டீச்சர், மாமியார் மருமகள் சண்டை ஒன்றும் கிடையாது. மூன்றாவது மாடிக்காரி உன்னிடம் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பாவம் அந்த ஆயா, மருமகள் மொட்டைமாடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தரமணிக்கு வேலைக்குப் போய்விட்டாள், கிழவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறாள் என்றுதானே? போன மாதம் பூட்டியது உண்மை. சாவி தரமணிக்குப் போனதும் உண்மை. என் மருமகள் ஏன் பூட்டினாள் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நீ இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்திருக்க மாட்டாய், சிரித்துக்கொண்டு வந்திருப்பாய். இப்படி நிழலில் உட்கார். அந்தத் தொட்டியின் மேல் மட்டும் கை வைக்காதே, வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை.

நீ வேளச்சேரியில் மகள் வீட்டுக்குப் போனாயே, அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது இந்தக் கூத்து. நம் அன்பியக் கூட்டம் அன்றைக்கு இரண்டாவது மாடியில். தெருக்காரர்கள் எல்லோரும் ஜெபமாலை சொல்லி முடித்து, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மாதா திருவிழாப் பேச்சு வந்தது. தேர் நம் தெருமுனையில் நிற்கும்போது அன்பியம் சார்பாக ஒரு மாலை போடுவோம் இல்லையா, போன வருஷம் கடையில் வாங்கிய மாலை மாதா கழுத்துக்கு ஏறுவதற்குள் பாதி உதிர்ந்து தரையில் கிடந்தது. இந்த வருஷம் எந்தக் கடையில் சொல்லலாம் என்று அன்பியத் தலைவி கேட்டாள். என் வாய் சும்மா இருந்ததா? சுண்டல் வாயில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"கடையும் வாணாம் ஒன்னும் வாணாம். இந்த வருசம் மாதாவுக்கு என் மாடிப் பூ."

அன்றைக்கு என் மாடியில் பூ இல்லை. செடி இல்லை. தொட்டிகூட இல்லை. துணி காயப் போடும் கயிறு இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மருமகள் இன்னமும் கேட்கிறாள். அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். மந்தைவெளியிலிருந்து லஸ் வரைக்கும் எத்தனை வருஷம் தலையில் கூடை வைத்துக்கொண்டு போனேன். இது காலையில் கரை ஏறிய மீன் என்று சொன்னால், ஒரு வீட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்தார்களா? ஆயா சொன்னால் சரி என்று சட்டியை நீட்டினார்கள். முழங்கால் போய்க் கூடையை இறக்கினேன், அதோடு என் வார்த்தையும் இறங்கிவிட்டது. இப்போது அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால்கூட ஒருத்தர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டேன் என்றால் அட்டையை எண்ணுகிறார்கள். அதனால்தான் வாயை விட்டேன். நான் சொன்னது ஒன்று சொன்னபடி நடக்கட்டுமே என்று ஒரு ஆசை.

சரி, சொல்லியாகிவிட்டது. மருமகள் லீவு நாளில் என்னை அடையாறில் ஒரு நர்சரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். இரண்டு மாதம்கூட இல்லை என்றேன். ஒரு விதைப் பொட்டலத்தை எடுத்தார். இது செண்டுமல்லியிலேயே குட்டை ஜாதி, நாள் கணக்குக்குப் பூக்கும் என்றார். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது, அப்போதே காதுக்குள் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்பது நாள்ல பூத்துரும் ஆயா. செடி நல்லா வளந்தாலும் பூக்கும், சாண் ஒசரத்துல நின்னாலும் பூக்கும். உங்களுக்காகக் காத்துக்கினு நிக்காது. மொத இருவது நாள் கெடுத்தீங்கன்னா அதுக்கப்பறம் நிமுராது."

பிடுங்கி நட்டால் இந்த ஜாதி முகத்தைத் தூக்கிக்கொள்ளுமாம். அதனால் விதையை நேராகப் பெரிய தொட்டியிலேயே போடச் சொன்னார். தண்ணீர் தண்டைச் சுற்றி ஒரு டம்ளர் போதும், செடி பெரிசாக ஆகத்தான் வட்டமும் பெரிசாக வேண்டும் என்றார். பாவம், இந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் பார்த்துப் பார்த்துக் கஞ்சனாகிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகன் காசிமேட்டிலிருந்து நாலு நீல டிரம் கொண்டுவந்தான். பாதியாக அறுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் தேங்காய் நார்த்தூளும் கலந்து எட்டுத் தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. ஐந்தாம் நாள் எட்டிலும் முளை. இத்தனூண்டு டீச்சர், என் மூக்குத்தி அளவுக்கு இரண்டு இலை. அவ்வளவு பெரிய தொட்டியின் நடுவில் அது ஒண்டியாக நின்றது, பாவம். தொட்டிக்கு ஒரு பக்கெட் என்று காலையில் பேரப்பிள்ளைகளைத் தூக்கிவரச் சொல்லி ஊற்றினேன். சாயங்காலம் தாகம் எடுக்குமே என்று இன்னொரு பக்கெட். பெரிய தட்டாக இருந்தால் நிறையச் சோறு போட்டுவிடும் ஆள் நான், என் பேரப்பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தாலே தெரியும்.

பத்து நாளில் மண் மேல் பச்சையாகப் பாசி. குட்டிக் குட்டிக் கொசு மாதிரி ஏதோ பறந்தது. செடி மட்டும் அப்படியே நின்றது, இலை வெளுத்து மஞ்சளாகிவிட்டது. மருமகள் பார்த்துவிட்டுத் தண்ணீர் அதிகம் அத்தை என்றாள். எனக்கா தெரியாது? மூன்று பிள்ளை வளர்த்தவள். வெளுத்துப் போனால் சத்தில்லை என்று அர்த்தம், பசி என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து மருமகள் போனில் ஓடிய வீடியோவில் ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தாள். மீன் கழுவிய தண்ணீரை வீணாக்காதீர்கள், செடிக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது என்றாள். அதற்குப் பிறகும் அந்த அம்மா ஏதோ சொன்னாள், நான் கேட்கவில்லை. கேட்பானேன்? மீன் தண்ணீரைப் பற்றி எனக்கு ஒருத்தி பாடம் எடுப்பதா?

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பால் சுறாவாகவே பார்த்து வாங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தானே கொடுக்கிறோம், பச்சைப்பிள்ளைச் செடிக்கு நேராகவே போகட்டுமே என்று என் மூளை வேலை செய்தது. நம் வீட்டில் மீன் எப்படிக் கழுவுவோம் என்று உனக்குத் தெரியும். முதல் தண்ணீர் ரத்தமும் செதிலுமாக வரும். பிறகு ஒரு கைப்பிடி கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பு போகக் கழுவுவோம், அது இரண்டாவது தண்ணீர். மாதாவுக்குப் போகிற பூ, அதற்கு ரத்தத் தண்ணீரையா ஊற்றுவது? முதல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். உப்பும் மஞ்சளும் கலந்த இரண்டாவது தண்ணீர், பார்க்கத் தங்கம் மாதிரி இருந்தது, அதைச் சொட்டு விடாமல் பிடித்துவைத்து எட்டுத் தொட்டிக்கும் பங்கு வைத்தேன். ஒரு நாள் இல்லை டீச்சர். மூன்று நாள். எங்கள் வீட்டில் மூன்று நாளும் சுறாப் புட்டு.

மூன்றாம் நாள் மத்தியானம் பட்டினப்பாக்கத்துப் பூனை பாதி நம் மாடியில். காக்கா மீதி. மூன்றாவது மாடிக்காரி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு ஏறி வந்தாள்.

"ஆயா, மாடில இன்னா செத்துக் கீது?"

"ஒன்னும் சாவல. சத்து ஊத்திக்கீறேன்" என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால், எட்டுச் செடியிலும் இலை ஓரம் கருகி, பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. விதை போட்டுப் பதினெட்டு நாள். மறுபடி விதை போட்டால் திருவிழா முடிந்துதான் பூக்கும்.

மருமகள் ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருமுனையிலேயே அவளுக்கு வாடை வந்துவிட்டதாம். பையை வைத்துவிட்டு நேராக மாடிக்கு வந்தாள், செடியைப் படம் எடுத்தாள், நர்சரிக்காரருக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

இன்னா ஊத்துனீங்க ஆயா என்று அவர் கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன். சுறா வாங்கியது, இரண்டாவது தண்ணீர் பிடித்தது எல்லாம்.

"உப்புப் போட்டா கழுவுனீங்க?"

"உப்புப் போடாம மீன் கழுவுவாங்களா நைனா?"

"ஆயா, நீங்க செடிக்கு உரம் போடல. கருவாடு போட்டுட்டீங்க."

மருமகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன், சிரிக்கிறாள்.

அவர் வழி சொன்னார். ஒவ்வொரு தொட்டிக்கும் வெறும் தண்ணீரை அடி ஓட்டை வழியாக ஓடும்வரை ஊற்றி ஊற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து நாள் யாரும் கிட்டப் போகக்கூடாது. தண்ணீரும் வேண்டாம், சத்தும் வேண்டாம், தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஆயா சும்மா இருக்கணும், அதான் மருந்து என்றார்.

என் முழங்காலுக்குப் படி ஏறுவதே பெரிய காரியம். அத்தனை பக்கெட்டையும் அவள்தான் தூக்கினாள். காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தவள், சுடிதாரை இழுத்துச் சொருகிக்கொண்டு, கீழே அடிபம்பில் நான் அடிக்க அடிக்க அவள் மாடிக்கும் கீழேயுமாக. மஞ்சள் தண்ணீர் மாடி முழுக்க ஓடியது. முடித்துவிட்டு மாடிக் கதவைப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டாள்.

"அத்தை, நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. உங்கள எனக்குத் தெரியும்."

இல்லை என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. ஐந்து நாளும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், அதைத்தான் அந்த மூன்றாவது மாடிக்காரி பார்த்திருக்கிறாள். அழவெல்லாம் இல்லை. கதவிடுக்கு வழியாக ஒரே ஒரு தொட்டி தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் கொண்டை ஊசியைப் பூட்டில் விட்டுப் பார்த்தேன், உள்ளே உடைந்துவிட்டது. அப்புறம் மகன் வந்து பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட்டான். அதையும் என்னை வைத்துக்கொண்டே பூட்டினார்கள்.

ஆறாம் நாள் திறந்தால், இரண்டு செடி போய்விட்டது. ஆறு நின்றது. நடுவில் புதுசாக இரண்டு பச்சை இலை. அதற்கப்புறம் நர்சரிக்காரர் சொன்னபடிதான். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட வேண்டும், காய்ந்திருந்தால் ஒரு டம்ளர், ஈரம் இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். செவுளைத் தொட்டு மீன் எப்போது கரை ஏறியது என்று சொல்கிற விரல் இது, மண் ஈரமா காய்ந்ததா என்று சொல்லத் தெரியாமல் ஒரு வாரம் மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு தடவை ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர், அதுவும் டீத்தண்ணி நிறத்துக்கு நீர்க்கக் கரைத்துத் தொட்டிக்கு ஒரு டம்ளர். கை தானாக இன்னொரு டம்ளர் எடுக்கப் போகும், இழுத்துக்கொள்வேன்.

அவர் சொன்னது மாதிரியே நடந்தது. எனக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. ஒரு சாண் உயரத்திலேயே நின்று, ஐம்பதாம் நாள் மொட்டு பிரிந்தது. பார், இதுதான் ஆறும். டிரம்மைப் பார்த்தால் தென்னை வைக்கலாம், செடியைப் பார்த்தால் புதினாக் கட்டு. எண்ணிவிட்டேன், மொத்தம் பதினேழு பூ. மாதா கழுத்துக்குப் பதினேழு பூ எந்த மூலைக்கு?

நேற்று ஒன்பதாம் நாள், நவநாள் ஜெபம் முடிந்ததும் தலைவி வீட்டுக்கு நானே போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மழை என்று சொல்லலாமா, பூனை என்று சொல்லலாமா. அவள் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், நான் சொன்னதைக் காப்பாத்த முடியல கண்ணு, பதினேழு பூதான் கீது, இப்பவாவது ஓடிப்போய்க் கடையில் சொல்லிவிடு என்றேன்.

அவள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"கடையில சொல்லிட்டேன் ஆயா. அப்பவே சொல்லிட்டேன்."

"எப்ப?"

"உங்க மாடிலேர்ந்து மீன் வாடை வந்துச்சே, அன்னிக்கு."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது டீச்சர். கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், மாலை எனக்காகக் காத்திருக்கிறது என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்க தண்ணீர் ஊத்துறத விட்டுடுவீங்க என்றாள். எழுந்து வாசலுக்கு வந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"பெரிய மாலை மாதாவுக்கு ஆயா. மாதா கையில இருக்கிற கொழந்தைக்கு யாரும் எதுவும் போடுறதில்ல. வருசா வருசம் வெறுங்கழுத்தாவே போவுது. பதினேழு பூ கொழந்தைக்குக் காணுமா?"

எனக்காகச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பூ வாங்கும் ஆள் பூக்காரியிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். குழந்தை கழுத்து என் மணிக்கட்டுப் பருமன்தான் இருக்கும் என்று ராத்திரி நூலை அதில் சுற்றி, கீழே தொங்கவிட்டு அளந்து பார்த்தேன். நெருக்கமாகக் கட்டாமல் நடுவில் கொஞ்சம் மரிக்கொழுந்து வைத்தால் காணும். காணும் என்று காலையில் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்து சரியாக் காணுமான்னு யாரும் கேட்கவில்லை.

காலையிலேயே பறித்திருக்க வேண்டியது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன், இன்னும் கொஞ்சம் விரியட்டும் என்று விட்டேன். பத்து மணிக்கு வந்தேன், வெயிலில் பறித்தால் வாடிவிடும் என்று விட்டேன். இப்போது நீ வந்தாய், உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றையாவது பறித்தேனா பார். பேண்டுச் சத்தம் கேட்கிறதா? அது கோயில் வாசலில்தான், தேர் இன்னும் கிளம்பியிருக்காது. கிளம்பினாலும் நம் முனைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். எழுந்திரு டீச்சர், அந்த ஈரத்துணியைத் தட்டில் விரித்துக் கிட்டப் பிடி. காம்பு நீளமாக விட்டு வெட்டுகிறேன், நீ எண்ணு. சத்தமாக எண்ணு, நடுவில் நான் நிறுத்தினால் திட்டு.