பாட்டுச் சத்தம்

அலுவலகத்தில் அவருக்குப் பாட்டுக்கார டிரைவர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனி கார் ஓட்டுகிறார், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்தால் பாட்டு காதைப் பிளக்கும். மகள் கல்யாணமாகிப் போகும்போது நூற்றைம்பது பாட்டு ஏற்றிக் கொடுத்த பிளேயர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு வயர் ஸ்டீரியோவின் ஓட்டைக்குள் போகும்.

பாட்டில் அவருக்கு அப்படியொன்றும் பைத்தியம் கிடையாது. காது மந்தம். மூன்று வருடமாக இறங்கிக்கொண்டே வருகிறது. தெரிந்தால் சாவியை வாங்கிவிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? யோசனை சொன்னது மனைவிதான். அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

"பாட்டைச் சத்தமா வெச்சுக்கோங்க. காதுல விழலைன்னா பாட்டு மேல பழியப் போட்டுடலாம்."

"மேனேஜர் மேடம் திட்டினா?"

"திட்டுறதுதான் உங்களுக்குக் கேக்காதே. அப்புறம் என்ன பயம்?"

நன்றாகத்தான் ஓடியது. பின்சீட்டில் வரும் மேனேஜர் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டுவார். இவர் உடனே ஸ்டீரியோவின் வால்யூம் திருகைக் குறைத்து, "பாட்டு சத்தம் மேடம், கேக்கல" என்பார். அந்த அம்மா முன்னால் குனிந்து திரும்பச் சொல்வார். பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இவர் இன்னொரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருந்தார், வாயசைவு பார்க்க. வண்டி ஓட்டும்போது போனே எடுக்காத டிரைவர் என்று ஒரு கூட்டத்தில் கைதட்டல் வேறு வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்று காலை பதினொரு மணி. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதில் வயர் ஓட்டையிலிருந்து கழன்று தொங்கியது. பாட்டு நின்றுவிட்டது. 'அப்பாடா' என்று மேனேஜர் அம்மா காகிதங்களைப் பிரித்தார். பிளேயரின் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மனப்பாடமான பாட்டு. டிரைவரின் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன, தலை லேசாக ஆடியது.

பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது. மற்ற வண்டிகள் ஒதுங்கின. இது ஒதுங்கவில்லை.

"அண்ணே, வழி விடுங்க!"

விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே! ஆம்புலன்ஸ்ணே!"

மேனேஜர் அம்மா எட்டித் தோளை உலுக்கினார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார், பதறி ஓரம் கட்டினார். ஆம்புலன்ஸ் உரசுவதுபோலக் கடந்து போனது. அதன் டிரைவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டியது வாயசைவில் தெரிந்தது.

வழக்கமான பதில் தானாக வந்தது. "பாட்டு சத்தம் மேடம், கேக்கல." கை போய்த் திருகைக் குறைத்தது.

மேனேஜர் அம்மா அந்தக் கையையே பார்த்தார். அந்தப் பார்வை போன வழியில் இவரும் பார்த்தார். வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். சட்டைப் பையில் பிளேயரும் வயரும் துருத்திக்கொண்டிருந்தன.

"என்னாச்சு?"

சொன்னார்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"தெரியலையே. சின்னக் கண்ணாடியைப் பாக்கவே தைரியம் வரல. ஆபீஸ்ல இறங்கினதும் நானே சாவியக் குடுத்துட்டேன்."

"அவங்களே ஒண்ணும் கேக்கலைன்னா வாய மூடிட்டு இருக்கக் கூடாதா? உங்களை யாரு முந்திக்கச் சொன்னது?"

"அந்த வண்டிக்குள்ள யாரோ படுத்திருந்தாங்கல்ல."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். தட்டு வைத்தாள். அவர் கை கழுவப் போன நேரத்தில், மேஜைமேல் அவர் வைத்துவிட்டுப் போன பிளேயரை எடுத்துப் பார்த்தாள். கம்பெனி காரில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. மகள் விட்டுப்போன இயர்போனை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

அடுத்த நொடி பிடுங்கிப் போட்டாள். காதுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் துண்டில் கை துடைத்தபடி வந்தார்.

"இவ்வளவு சத்தத்துலயா வெச்சிருந்தீங்க?"

இயர்போன் மேஜையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அவர் அவள் வாயைத்தான் பார்த்தார்.

"ஸ்டீரியோலயும் முழுசாத்தான் வெப்பேன். பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி இருக்கும்" என்றார். "இப்ப ஓடுதா?"