பிஞ்சை உதிர்க்கும் மருந்து

“காய் பெருக்கலைன்னு உன்னைய வேலைக்கு வச்சா, இருக்குற காயையும் மருந்தடிச்சுக் கொட்டப் போறேங்கிற. இதுக்குத்தான் காலேஜு போனியா தாயி?”

மார்ச் மாதம் செல்வம் அண்ணன் கேட்டது. அமீரகத்தில், அல் ஐன் பக்கம் நான் வேலை பார்க்கும் தோட்டத்தின் ஃபோர்மேன். புதுக்கோட்டைக்காரர். வாய் கொஞ்சம் நீளம்.

பாலைவனத்தில் ஆப்பிளா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குளிர் அதிகம் கேட்காத ரகம் உண்டு, இங்கேயும் காய்க்கும். என்ன... கொத்துக் கொத்தாய்க் காய்த்து, எலுமிச்சை அளவோடு நின்றுவிடும். முதலாளி — எங்களுக்கு அர்பாப் — சொல்லிவிட்டார். இந்த வருஷமும் இப்படியென்றால் கலாஸ்! மரங்களைப் பிடுங்கிவிட்டுப் பேரீச்சை வைப்பார். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எதற்கு?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். துபாயில் ஜெபல் அலி குடோனில் பழப்பெட்டி இறக்கித்தான் அப்பா என்னை வேளாண்மை படிக்க வைத்தார். விட்டுவிட முடியுமா?

செல்வம் அண்ணனிடம் திருப்பிக் கேட்டேன். “ஈச்சங்குலையில பாதியைக் கத்தரிச்சுக் கீழ போடுறீங்களே, ஏண்ணே?”

“அப்பத்தானே மிச்சம் பெருக்கும்?”

“அதேதான். ஆப்பிள்ல ஒவ்வொரு கொத்தாக் கத்தரிக்க ஆள் மாஃபி, கிடையாது. மருந்து கத்தரிக்கும்.”

செடி தனக்குள் சுரக்கும் ஹார்மோனைப் போன்ற வளர்ச்சி ஊக்கி அது. வெயில் ஏறிவிட்டால் அளவுக்கு மீறி உதிர்த்துவிடும். அதனால் கருக்கலிலேயே அடித்து முடித்தோம்.

அடுத்த வாரம் மரத்தடியெல்லாம் பிஞ்சு. அந்த நேரம் பார்த்தா அர்பாப் வர வேண்டும்? கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். அரபியில் சத்தம் போட்டார்.

செல்வம் அண்ணன்தான் குறுக்கே வந்தார். அரைகுறை அரபி, பக்கத்து ஈச்ச மரம், கத்தரிக்கோல் போல் ஆடும் இரண்டு விரல்... இவற்றை வைத்தே, ‘குலைக்குச் செய்வதுதான் இதுவும், பொறுங்கள்’ என்று புரியவைத்தார். அர்பாப் முறைத்துவிட்டுப் போனார்.

“தப்பாப் போச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஃபிளைட்டுதான் தாயி” என்றார் அண்ணன்.

சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் எதிரிகளா என்ன? பதில் சரியென்று பட்டதும் பக்கத்தில் வந்து நிற்கிற ஒரு சந்தேகக்காரர், பத்து ஆமாம்சாமிகளைவிட மேல்.

போன வாரம் அர்பாப் மறுபடி வந்தார். ஒரு காயைப் பறிக்காமலே உள்ளங்கையில் ஏந்தினார். கை நிறைந்தது. “மரம் இருக்கட்டும்” என்றார்.

அப்பாவுக்கு போன் போட்டேன். “எத்தனையோ ஊரு ஆப்பிளைத் தூக்கியிருக்கேன் பாப்பா. மரத்துல பார்த்ததில்லை” என்றார். அடுத்த லீவுக்கு வருகிறார்.

ஆனால், பழுக்கும் நேரத்தில் ஒரு சூட்டுக் காற்று போதும் — பழமெல்லாம் மண்ணில்தான். வேடிக்கை என்னவென்றால், பிஞ்சை உதிர்த்த அதே மருந்து, அறுவடைக்கு முன் அடித்தால் பழத்தைக் காம்போடு பிடித்து வைக்கும்.

நேற்றுக் கருக்கலில் அடித்துவிட்டோம். ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிய செல்வம் அண்ணன் இந்த முறை காரணம் கேட்கவில்லை — “யல்லா, கெளம்பு தாயி” என்றார்.