எண்ணெய் பூசிய பிறகு

போன வருடம் என் சிறுநீரகத்தில் இருந்த புற்றுக் கட்டியைச் சின்னத் துளைகள் போட்டே எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதே கட்டிக்காக எழுபதுகளில் அப்பாவை ஆட்டை வகுந்தது மாதிரி வகுந்தார்கள்.

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணி, லீவு கேட்ட தகராறில் அப்பாவின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். மறுநாளே ஒன்றுக்குப் போனால் ரத்தம். உள்காயம் என்றது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்க. பச்சை முட்டை குடித்தும் நிற்கவில்லை. அம்மா பயந்துபோய் மாதாகோயில் சாமியாரைக் கூட்டிவந்தாள். அவர் அப்பா செய்த பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிவிட்டுப் போனார். எங்கள் லயத்தில் அந்த எண்ணெய் பூசியவன் பிழைத்து நான் பார்த்ததில்லை. சாகக் கிடப்பவனுக்குத்தானே சாமியாரையே கூப்பிடுவோம்!

அப்பாவும் சாவு நிச்சயம் என்றுதான் நினைத்தார். எழுந்து, செடியைக் கவாத்து வெட்டும் கத்தியை உருவினார். அம்மா வாசலை மறித்தாள்.

"ஏட்டி, வழிய விடு. நான் தனியா போவமாட்டேன். அவனையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லாரும் பார்க்க, கங்காணியின் தோளில் ஒரு வெட்டு. தடுத்த கையில் இன்னொரு வெட்டு. மணிக்கட்டு தொங்கியது. கூடையோடு நின்ற என் முகத்தில் ரத்தம் தெறித்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இரக்கமே வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் இருந்தது. அப்பாவும் அங்கேயே சரிந்தார், வேட்டியெல்லாம் அவர் ஒன்றுக்குப் போன ரத்தம்.

போலீஸ் அவரைக் கோட்டயத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. முதுகிலிருந்து தொப்புள்வரை கிழித்து, விலா எலும்பு ஒன்றை அறுத்து, கட்டியோடு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அப்பா பேசுகிற நிலைக்கு வந்ததும் டாக்டர் கட்டிலருகே வந்தார். மலையாளம் கலந்த தமிழ் அவருக்கு.

"இது உதை கொண்டு வந்ததல்ல, புற்று. ரொம்ப நாளாயிட்டு உள்ளே இருந்தது. உதை பட்டு ரத்தம் வந்ததுகொண்டு இப்போ தெரிஞ்சது. இல்லெங்கில் நேரம் போயிருக்கும். இனி பயமில்லை, பிழைச்சாச்சு."

கட்டிலோடு விலங்கு மாட்டியிருந்த தன் கையையே அப்பா பார்த்தார். பிறகு காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கேட்டார்.

"அவன் கை?"

"எடுத்தாச்சு."

அப்பா விலங்கில்லாத கையால் தையல் போட்ட விலாவில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். அம்மாவும் நானும் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை. கட்டுத்துணி சிவந்தது.

"எண்ணெய் பூசியாச்சுல்லா! பெறவு எதுக்கு என்னப் பொழைக்க வச்சிய?"