அக்கா நிறுத்திய பக்கம்

சிம்மக்கல்லில் பஸ் ஏறியதுமே நாவலைத் திறந்துவிட்டேன். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த அக்கா எட்டி எட்டிப் படித்துக்கொண்டே வந்தார். ஒருவர் பேப்பரை விரித்தால் நாலு பேர் சேர்ந்து படிக்கிற ஊர்தான் இது. அதற்காக நாவலையுமா? எரிச்சலில், வேண்டுமென்றே சட்டென்று பக்கத்தைத் திருப்பினேன்.

அவர் தாளைப் பிடித்து நிறுத்தினார். "இரு தாயி, நான் இன்னும் அடி வரைக்கும் வரல."

வேறு வழியில்லாமல் அவர் வேகத்துக்குப் படித்தேன். பல வருடம் பேசாமல் இருந்த மகள் வீட்டுக்கு வருகிறாள். தாய் ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு, மீனில் முள் எடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான் முடிவு. நிமிர்ந்தால் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

"ஒத்தக்கடை டிக்கெட் இன்னுமா இறங்கல?" என்று கண்டக்டர் கத்தினார். எங்கள் இருவரின் ஸ்டாப்பும் எப்போதோ போயிருந்தது.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, திரும்பிப் போக எதிர்ப்பக்கம் நின்றோம். புத்தகத்தை நீட்டினேன். "நீங்களே வச்சுக்கங்கக்கா."

"புஸ்தகம் கெடக்கட்டும். ஆத்தாளும் மகளும் எதுக்குப் பேசாம இருந்தாளுக? அத மொதல்ல சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் நான் தாண்டி ஓடிய இடங்களை எல்லாம் இப்போது நின்று நிதானமாகச் சொன்னேன். எழுதியவரை மனதுக்குள் கும்பிட்டேன். அந்த நாவலை உண்மையில் நான் படித்தது அந்த பஸ் ஸ்டாப்பில்தான்.

மதுரை பஸ் வந்து நின்றது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது போகட்டும். நீ சொல்லு."