மூன்று மாதம் முன்னால் கேட்க வேண்டிய பணம்

நாங்கள் நிலம் இல்லாதவர்கள். கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கரை வாரத்துக்கு உழுதோம். நிலம் ஊர்ப் பெரியவர் ஒருவருடையது; விளைச்சலில் பாதி அவருக்கு. அதை எங்களுடையதாக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

ஒரு வருடம் அடுத்தவர் கரும்பைப் பேசி எடுத்து வெல்லம் காய்ச்சினோம். கையில் கொஞ்சம் நின்றது. நிலம் வாங்கப் போதாது. வீட்டில் வைத்தால் தங்காது. எங்கே போடுவது என்று யோசித்தேன்.

தபால் ஆபீசில் போடலாம். வேண்டும்போது எடுக்கலாம், வட்டி கொஞ்சம். சீட்டுக் கட்டலாம். லாபம் அதிகம், ஆனால் சீட்டுப் பிடிக்கிறவன் ஓடிவிட்டால் துரத்த எங்களுக்குக் கால் போதாது. மூன்றாவது, சித்தூரில் ஒரு நிதிக் கம்பெனி. கரும்பு வண்டிக்காரன் சொன்னான். பஸ் ஏறிப் போனேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கேட்பதற்கு அது போதும்.

அங்கே இருந்த குமாஸ்தா தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"போட்ட அன்னிக்கு இன்னா வட்டி சொல்றமோ, எடுக்கிற வரைக்கும் அதே வட்டிதாம்மா. மாறாது. ஆனா எடுக்கணும்னா மூடு நெலலு முந்து செப்பாலி. மூணு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்."

"என் பணம். நான் எடுக்க உங்ககிட்ட மூணு மாசம் முன்னாடி சொல்லணுமா?"

"சும்மா பெட்டில வச்சிக்கினு இருந்தா வட்டி எப்படிம்மா வரும்? வெளிய குடுத்திருப்போம். திருப்பி வாங்க நாள் வேணாமா?"

சரிதான் என்று பட்டது. ஆள் வேண்டுமென்றால் நாங்களும் முன்னாலேயே சொல்லித்தானே வைக்கிறோம்.

"நோட்டீஸ் குடுத்துட்டு எடுக்கலன்னா?"

"மூணு மாசத்தோட வட்டி நின்னுபூடும். மறுபடி போட்டா அன்னிக்கு இன்னா வட்டியோ அது."

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. ஆந்திரா தனியாகிச் சில வருடம் ஆகியும் எல்லைப் பேச்சு ஓயவில்லை. எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

"எங்க ஊரு மெட்ராஸ் பக்கம் போய், சித்தூரு இங்கயே நின்னுட்டா என் பணம்?"

குமாஸ்தா சிரித்தார். "நோட்டுல கீற சிங்கம் ரெண்டு பக்கமும் அதே சிங்கம்தாம்மா."

ஊருக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். வட்டி நல்ல வட்டி. அவசரத்துக்கு உதவாது. ஆனால் எங்கள் வீட்டில் அவசரம் எப்போதும் அடுத்தவருடையதாக இருந்தது. கொண்டுபோய்ப் போட்டேன்.

அது சரி என்று சீக்கிரமே தெரிந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மாடு வாங்கப் பணம் கேட்டு வந்தார். வீட்டுக்காரர் அண்ணனுக்கு இல்லை என்று சொல்ல மாட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"குடுக்கலாம் மாமா. நோட்டீஸ் குடுக்கறேன். மூணு மாசத்துல வந்துடும்."

"சந்தை நாளைக்கு! மூணு மாசம் அந்த மாடு எனக்காக நின்னுகினு இருக்குமா?"

"வேற இன்னா பண்றது மாமா? அவங்க சட்டம் அப்படி."

சோறு தின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒவ்வொரு வெல்லக் காலத்திலும் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன். எல்லைக் கோடு ஒருவழியாக முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம், நாங்கள் ஆந்திரா பக்கம். பெரியவரின் மகனுக்கு வேலை திருத்தணியில்.

அந்த ஆவணியில் பெரியவர் உழவு மாட்டை விற்றார். புரட்டாசி மழையில் நிலத்து வரப்பு உடைந்தது. வந்து பார்த்தார். வழக்கமாகக் கத்துவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மகனோடு போகப் போகிறார், நிலத்தை விற்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் சித்தூருக்குப் போய் நோட்டீஸ் கொடுத்தேன். வீட்டுக்காரர் குதித்தார்.

"அவரு விக்கறேன்னு சொன்னாரா?"

"இல்ல."

"உங்கிட்ட விக்கறேன்னு சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு குடுத்த? அவரு விக்கலன்னா வட்டி போச்சி. இப்ப புதுசா போடறவங்களுக்கு வட்டிய கொறச்சிட்டானுங்களாமே!"

"ஆமா, கொறச்சிட்டாங்க."

"தெரிஞ்சே குடுத்தியா?"

"அவரு சொன்னதுக்கு அப்புறம் குடுத்தா பணம் மாசில வரும். அதுக்குள்ள எவனாவது வாங்கிடுவான்."

அவர் சாப்பிடாமல் படுத்தார். காலையில் சாப்பிட்டார்.

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். போனோம். திருப்பதி வெல்ல வியாபாரி ஒருவர் எங்களுக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார். நிலத்துக்கு நான் நினைத்திருந்த விலையை விட அதிகம் சொல்லியிருந்தார். இடுப்பில் பணம் கட்டியே வந்திருந்தார்.

"நாளைக்கே பத்திரம் பண்ணிக்கலாம்" என்றார் வியாபாரி.

"நாளைக்கு நாள் நல்லா இல்ல. அதுக்கப்புறம் மார்கழி. மார்கழில எங்க வீட்ல நிலம் கை மாறாது" என்றார் பெரியவர். "அட்வான்ஸும் வாணாம். தை பொறக்கட்டும். பொங்கல் முடிஞ்ச முதல் முகூர்த்தத்துல முழுப் பணமும் எண்ணி வைக்கறவங்களுக்கு நிலம். திருத்தணில வீடு பேசி வச்சிக்கீறேன். அங்க நான் முழுசா குடுத்தாகணும்."

எங்களைப் பார்த்து, "உன்னால ஆவுமாம்மா?" என்றார்.

"ஆவும் ஐயா. ஆனா அவரு சொன்ன விலை ஆவாது."

"அப்ப அவருக்குத்தான் முதல்ல. அவரு வைக்கலன்னா உனக்கு, உன் விலைக்கு" என்றார். நியாயம். எழுந்து வந்தோம்.

எங்கள் பக்கம் யாரும் மார்கழியில் பத்திரம் பதிய மாட்டார்கள். ஆனால் மார்கழிதான் வெல்லத்துக்கு மாதம். பொங்கலுக்கு எல்லா ஊருக்கும் வெல்லம் வேண்டும். வெல்லம் காய்ச்சும் கொப்பரையடியில் நாங்கள் வெந்தோம். கை வெல்லம் உருட்டியது, மனசு நிலத்தில் கிடந்தது. சித்தூரில் இருந்த பணத்தை நான் நினைத்தாலும் தொட முடியாது. வியாபாரிக்கு அப்படி இல்லை. எல்லாம் கையில்.

பாதி மார்கழியில் அந்த வியாபாரி எங்கள் கொப்பரைக்கே வந்தார். ஆலைக்கு ஆலை வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வருடம் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு உருண்டையை உடைத்து வாயில் போட்டார்.

"நல்லா கீதும்மா. மொத்தமும் குடு" என்றார். இடுப்பு மடியை அவிழ்த்துப் பணம் கொடுத்தார். மடி மெலிந்திருந்ததைப் பார்த்தேன்.

"திருப்பதில விக்கவா ஐயா?"

"திருப்பதி, காளாஸ்திரி, மெட்ராஸு வரைக்கும். பொங்கலுக்குள்ள ஒண்ணு ரெண்டாகும். மார்கழில பணத்த சும்மா கட்டிக்கினு இருக்க நான் இன்னா பைத்தியமா?"

"அந்த மாந்தோப்பு ஆலைல இன்னும் நல்ல வெல்லம் கீது ஐயா. நெறைய கீது."

அவர் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்காரர் கொப்பரையைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் கரும்புச் சக்கையைத் தள்ளினேன்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்ததும் சித்தூர் போனோம். சொன்ன வட்டி, சொன்ன நாள். ஒரு காசு குறையவில்லை. முகூர்த்தத்தன்று பெரியவர் வீட்டுக்குப் போனோம். வியாபாரி வெறுங்கையோடு வந்திருந்தார்.

"சரக்கெல்லாம் கடனுக்குப் போயிருக்கு. மாசி வரைக்கும் பொறுங்க. இன்னும் நூறு கூடத் தரேன்."

"எனக்கு இன்னிக்கு வேணும்பா" என்றார் பெரியவர்.

"மாசி இன்னா தூரமா?"

"உனக்குக் கிட்டத்துல கீது. நான் நாளன்னிக்கு வண்டி ஏறணும்." எங்கள் பக்கம் திரும்பினார். "கொண்டாந்தியாம்மா?"

முந்தானையை அவிழ்த்து வைத்தேன்.

வியாபாரி அந்தப் பணத்தைப் பார்த்தார். "இதுல பாதி என் பணம்தானேம்மா?" என்றார்.

"பாதி இல்ல ஐயா. கொஞ்சம்தான்."

பெரியவர் சத்தமாகச் சிரித்தார். வியாபாரியும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான்.

புத்தூரில் பதிந்தோம். யார் பேருக்கு என்று எழுதுகிறவர் கேட்டார். "ஈமெ பேருக்கே" என்று வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். நாங்கள் அப்படிப் பேசி வைக்கவில்லை. தமிழில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். போடு என்றார்கள். பெரிதாகப் போட்டேன்.

அந்த வருடம் கேழ்வரகு போட்டோம். அறுத்து, அடித்து, களத்தில் குவித்தோம். பழக்கத்தில் வீட்டுக்காரர் இரண்டு குவியலாகப் பிரிக்க ஆரம்பித்தார். நான் முறத்தை எடுத்து இரண்டையும் ஒன்றாகத் தள்ளினேன்.