அப்பா திமிங்கலம் பார்த்த சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை என்றால் உலகத்துக்கே லீவு என்று நம்பிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. ஆம்பூரில் அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் டேனரிக்கு வார விடுமுறை வெள்ளிதான். முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போவார், மெஷின்கள் நின்றுவிடும், எங்கள் தெருவில் ஆண்களெல்லாம் பகலில் வீட்டில் இருப்பார்கள். கறி எடுப்பது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, உறவுக்காரர் வீட்டுக்குப் போவது எல்லாம் அன்றைக்குத்தான். பள்ளிக்கூடம் மட்டும் ஏனோ ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அப்பாவுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. எழும்பூர் மியூசியத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை முழுசாக வைத்திருக்கிறார்கள் என்று லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நம்ம ஊருக்குத் தோலு மட்டும்தான் வருது. உள்ள இருந்தது இன்னா ஆச்சுன்னு ஒருநாளாவது பாக்கணும்" என்பார். ஆட்டுத்தோலுக்கும் திமிங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டால், "உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்று பதில் வரும். தனக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எனக்கு அப்போது எட்டு வயது. பயப்படுவதற்கென்றே பிறந்தவள். குழாயில் தண்ணீர் நின்றால் இனி வரவே வராதோ என்று பயம். அப்பா வர நேரமானால் பயம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகும் அது போகவில்லை. இன்றும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை போய்வருவது என்று அப்பா முடிவு செய்ததும், அப்படிப்பட்டவளிடம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "ஐயோ, செத்த காலேஜுக்கா போறீங்க? உள்ள எல்லாம் செத்ததுதான்டி. கண்ணு மட்டும் தொறந்தே இருக்கும்." மியூசியத்துக்கு ஊரார் எந்தக் காலத்திலோ வைத்த பெயர் அது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது இந்தப் பயணம் நடக்காமல் போகட்டும் என்று தெரிந்த சாமிகளையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை அப்பா கொஞ்சம் யோசனையாகத்தான் வந்தார். "சனிக்கெழம கன்டெய்னர் ஏத்தறாங்களாம். அன்னைக்கு எவன் மட்டம் போட்டாலும் ஃபினிஷிங்க மறந்துடுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னார். ஃபினிஷிங் என்பது மின்விசிறிக்குக் கீழே, காய்ந்த தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற வேலை. சட்டை அழுக்காகாது, உடம்பில் வாடை ஒட்டாது. பச்சைத்தோலிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் பல வருஷம் கிடந்துதான் அப்பா அந்த இடத்துக்கு வந்திருந்தார். "நாம வெள்ளிக்கெழமதானே போறோம், ராத்திரிக்குள்ள வந்துட மாட்டோமா?" என்றாள் அம்மா. எனக்கு அந்தப் பேச்சில் கவனம் போகவில்லை. என் கவலை முழுவதும் திறந்திருக்கும் கண்களைப் பற்றி.

விடிகாலை ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, கேட்டுக் கேட்டு எழும்பூர் போய்ச் சேர்ந்தோம். பெரிய கேட் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு அப்பால் சிவப்புக் கட்டடங்கள் மரநிழலில் நின்றன. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்:

"இன்னாப்பா, வெள்ளிக்கெழம வந்து நிக்கிறீங்க? இன்னிக்கு லீவு."

"லீவுன்னுதாங்க வந்தோம்."

"உனக்கு லீவுன்னா எனக்கு லீவு இல்லியா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மியூசியம் கெடையாது."

அப்பா பூட்டைப் பார்த்தார். பிறகு, "எங்களுக்கும் வெள்ளிதாங்க லீவு. எப்பவுமே" என்றார்.

"அப்ப உனக்கும் இதுக்கும் இந்த ஜென்மத்துல ஒத்துவராது" என்று சிரித்தார் வாட்ச்மேன்.

நான் என் சாமிகளின் சக்தியை நினைத்து உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா, "பீச்சுக்காவது போலாம் வாங்க" என்றாள். அப்பா நகரவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்தார். "இன்னைக்கு வுட்டா எப்பவும் கெடையாது" என்றார். "மேஸ்திரி?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். "பாத்துக்கலாம்."

பெரம்பூரில் அத்தை வீட்டில் தங்கினோம். அத்தை எங்களைப் பார்த்ததும், "ஆம்பூர்லேந்து வர்றீங்களே, பிரியாணி வாசனை வருதான்னு பாத்தேன். வெறுங்கைய வீசிட்டு வந்துட்டீங்க" என்று அண்ணனை வம்புக்கிழுத்துக்கொண்டே எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

மறுநாள் கேட் திறந்திருந்தது. என் சாமிகள் கைவிட்டுவிட்டார்கள். முதல் கண்ணாடிப் பெட்டியில் இருந்த மிருகம் என்னை நேராகப் பார்த்தது. அவ்வளவுதான், கால் நகரவில்லை, அழுகை பீறிட்டது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே உட்காருவதாகச் சொன்னாள். அப்பா கேட்கவில்லை. என்னைத் தூக்கித் தோளில் சாய்த்து, முகத்தைப் பின்பக்கம் திருப்பிவிட்டார்.

"நீ பின்னாடி பாத்துட்டு வா. முன்னாடி இருக்கறத நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் நான் அந்த மியூசியத்தைப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களின் முகங்களில். பெட்டிக்குப் பெட்டி அவை மாறின. ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி வந்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் குழந்தையை மறந்து நின்றாள். ஓரிடத்தில் எல்லா முகங்களும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன. அப்பாவும் நின்றுவிட்டார். என் நெஞ்சுக்குக் கீழே அவர் மூச்சு நின்று, பிறகு மெதுவாக வந்தது.

"இன்னாப்பா இருக்கு?"

பொறுக்க முடியாமல் நானே திரும்பினேன். ஓடு வேயாத வீட்டின் கூரைமரங்களைப் போல எலும்புகள் வரிசையாக நீண்டு போய்க்கொண்டே இருந்தன.

"கண்ணே இல்லையேப்பா."

"இல்லம்மா. அதான் உன்ன பாக்காது."

பயம் எங்கே போனதோ தெரியவில்லை. இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். "இதோட தோல விரிச்சா நம்ம தெரு பத்தாது" என்றாள் அம்மா. யாரும் பார்க்காத நேரத்தில் அப்பா ஒரு விரலால் எலும்பைத் தொட்டுப் பார்த்தார். "ஏம்ப்பா, தொடாத!" என்று எங்கிருந்தோ சத்தம் வந்தது. "தொடலீங்க" என்றார், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. பிற்பாடு எத்தனையோ பயங்களுக்கு நடுவே ஏதாவது ஒன்றைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு வந்ததென்றால், அது அந்தத் தோளில் கிடைத்ததுதான். அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது அவர்மேல் புதிதாக ஒரு வாடை. அம்மா பின்பக்கம் வெந்நீர் கொண்டுபோய் வைத்தாள். அப்பா வெகுநேரம் கை கழுவினார். "இன்னாப்பா இது நாத்தம்?" என்றேன்.

"திமிங்கலத்த தொட்டேன் இல்ல, அது போவ மாட்டேங்குது."

அடுத்த நாளும் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. அவர் மறுபடி அந்த மின்விசிறிக்குக் கீழே போகவே இல்லை என்பது, நானே கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டில் திமிங்கல வாசனை இருக்கிறது, வேறு யார் வீட்டிலும் இல்லை என்பதுதான். வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அப்பா திண்டாடிக்கொண்டே கையை நீட்டினார். ஒவ்வொருத்தியாக மோந்து பார்த்தார்கள்.

"ஆமாடி, கடல் மாதிரியே இருக்குது" என்றாள் ஒருத்தி. கடலை எங்களில் யாரும் பார்த்ததில்லை. நான் பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.